அத்தானின் அபினிச் சீட்டு

அபினிச் சீட்டு வைத்திருப்பவர், அபினி தம் உடம்புக்கு இனி அவசியமில்லை என்று கண்டால், அந்தச் சீட்டை வழங்கிய அலுவலகத்திலேயே தாமதமின்றித் திருப்பி ஒப்படைக்க வேண்டும். விதி அப்படித்தான் சொன்னது. அதன் எண்ணையும் உட்பிரிவையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே எழுதினால் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

விதியை எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். அபினி தின்கிற ஒருவர் ஒருநாள் காலையில் எழுந்து, இனி அவசியமில்லை என்று கண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு நடந்து வருவார் என்று அவர் நம்பியிருக்கிறார். அப்படி வருபவரிடமிருந்து சீட்டை யார் வாங்குவது, எந்தப் பதிவேட்டில் எதை எழுதுவது என்று மட்டும் சொல்லவில்லை. உண்மையிலேயே யாராவது வந்து நிற்பார் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போலும்.

வந்து நின்றவர் என் அத்தான். என்னுடன் பிறந்த அக்காவின் கணவர்.

ஐம்பதுகளில் நான் தென்காசி தாலுகா அலுவலகத்தில் எழுத்தன். அப்போது மதுவிலக்குக் காலம். அபினியும் விலக்கப்பட்ட சரக்குதான். ஆனால் பல காலமாகத் தின்று பழகியவர்களுக்குத் திடீரென்று நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்று சர்க்கார் பயந்தது. அதனால் அரசு டாக்டரிடம் சான்று வாங்கிப் பெயரைப் பதிந்துகொண்டவர்களுக்கு ஒரு சீட்டு உண்டு. மாதம் ஒருமுறை, குறித்த நாளில், உரிமம் பெற்ற கடையில் அதைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, குறித்த அளவு வாங்கிக்கொள்ளலாம். வருஷத்துக்கு வருஷம் அந்த அளவு கொஞ்சம் குறையும். அந்தப் பதிவேடு என் மேஜையில் இருந்தது. அதில் அத்தான் பெயரும் இருந்தது. குடும்பத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அலுவலகத்திலும் பேசுவதில்லை. அந்த அளவில் இரண்டு இடங்களும் நாகரிகமானவை.

அத்தான் மரக்கடை ஒன்றில் அளவுக்காரர். லாரியிலிருந்து இறங்கும் தேக்குத் தடியைச் சுற்றி நூல் பிடித்து, தாள் பென்சில் இல்லாமலேயே கன அடி சொல்லிவிடுவார். இளவயதில் மேற்கே மலைக்கூப்புகளில் மரம் வெட்டும் இடத்தில் வேலை. அங்கே ஒரு மழைக்காலத்தில் வயிறு கடுத்துக் கிடந்தபோது, மேஸ்திரி ஓர் உருண்டை கொடுத்தாராம். வயிறு நின்றது. அபினி நிற்கவில்லை.

அந்தப் பழக்கத்தால் அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் விற்கவில்லை. ஆனால் எங்கேயும் தங்க முடியாது. மடியில் அபினி வைக்கும் தகர டப்பி இல்லாமல் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், தாலி கட்டுவதற்கு முன்பே பஸ் ஏறித் திரும்பிவிட்டார். பெண் வீட்டார் சாப்பாட்டில் குறை என்று நினைத்து இரண்டு வருஷம் அக்காவோடு பேசவில்லை.

அளவு குறையக் குறைய அவருக்கு மாதக் கடைசி நரகமாயிற்று. ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சர்க்காரு என்னை ரம்பம் போட்டு அறுக்குது மாப்ள," என்றார். "கொஞ்சங் கொஞ்சமா. கோடாலியால ஒரே வெட்டா வெட்டிட்டா தேவல."

அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, ஏற்பாட்டில் இறங்கினாள். என் உத்தியோக காலத்தில் பல மாவட்ட அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு காரியத்துக்கு எல்லாத் துறைகளையும் ஒரே நேரத்தில் கூட்டி வைக்கும் திறமை அக்காவைப் போல ஒருவரிடமும் கண்டதில்லை. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் பேரருவிக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்தாள். காலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்க வேண்டும். செங்கோட்டைப் பக்கத்து வைத்தியர் ஒருவரின் லேகியம் மூன்று வேளை. தென்காசிப் பள்ளிவாசலில் ஓதிப் பார்க்கும் பெரியவரிடமிருந்து ஒரு செம்புத் தண்ணீர். வெள்ளிக்கிழமைதோறும் பண்பொழி மலை ஏறி முருகனுக்கு ஒரு விளக்கு.

துறைகளுக்குள் முரண்பாடு வரத்தான் செய்தது. லேகியம் சாப்பிடும்போது பச்சைத் தண்ணீர் தலையில் படக்கூடாது என்றார் வைத்தியர். அருவி என்பது பச்சைத் தண்ணீர்தான். அக்கா யோசித்தாள். "அது மூலிகைத் தண்ணிலே," என்று தீர்ப்புச் சொன்னாள். மேல்முறையீடு இல்லை. பள்ளிவாசல் பெரியவர் மட்டும் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. மலையில் விளக்குப் போடுவதைச் சொல்லிவிடுவது முறை என்று நான் சொன்னபோது, நல்லதுதானே, ஏறி இறங்கினால் கால் உளைச்சலுக்குத் தூக்கம் வரும் என்றார்.

நான் விடுப்புக்கு எழுதிப்போட்டேன். அபினி தின்னும் அத்தானை அருவியில் பிடித்து நிறுத்துவதற்கு விடுப்பு விதிகளில் தலைப்பு இல்லை. குடும்பக் காரியம் என்று எழுதினேன். குடும்பக் காரியம் என்ற சொல்லுக்குள் அடங்காத எதையும் நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அந்தக் குற்றாலத்தை இப்போது தேடினால் கிடைக்காது. கம்பி வேலி கிடையாது, வரிசை கிடையாது, விசில் ஊதும் காவலர் கிடையாது. இருட்டுப் பிரியும்போதே பாறைமேல் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வந்துவிடுவார்கள். முதுகில் அவர்கள் தட்டுகிற சத்தம் அருவிச் சத்தத்துக்குள்ளும் தனியாகக் கேட்கும். நல்லெண்ணெய், சீயக்காய், ஈர வேட்டி, கொஞ்சம் குரங்கு எல்லாம் கலந்து ஒரு வாசனை. மங்குஸ்தான் கூடைக்காரி அந்த நேரத்திலேயே குரங்குகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பாள். சித்தம் கலங்கியவர்களையும் அங்கே கொண்டுவருவார்கள். இருபுறமும் உறவுக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அருவியின் நேர்கீழே தலையைக் காட்டி நிறுத்துவார்கள். முதல் நாள் அத்தான் கையை நான் பிடித்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, தம்பிக்கு எத்தனை நாளாக இப்படி என்று அத்தானிடம் விசாரித்தார். அத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்துவிட்டார்.

சிகிச்சை அபாரமாக வேலை செய்தது. டப்பியை அக்கா பிடுங்கி வைத்துவிட்டாள். அத்தான் கொட்டாவி விடவில்லை, துடிக்கவில்லை, திட்டவில்லை. வேளாவேளைக்கு லேகியத்தை நக்கிவிட்டு, நிம்மதியாகத் தூணில் சாய்ந்திருந்தார். அக்கா பக்கத்து அறைக்காரர்களிடமெல்லாம் வைத்தியரின் கைராசியைச் சொன்னாள். முருகனுக்கு வெள்ளி வேல் நேர்ந்துகொண்டாள். பள்ளிவாசலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்க என்னை அனுப்பினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். காலைப் பலகாரத்தின்போது அக்கா மறுபடியும் வைத்தியர் புராணத்தை ஆரம்பித்தாள். அத்தான் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"அதுலதாம் இருக்கு."

"எதுல என்ன இருக்கு?" என்றாள் அக்கா.

"லேகியத்துல. வாயில வச்ச அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. இத்தன வருசமா திங்கேன், எனக்குத் தெரியாதா? நீ வேலெல்லாம் நேந்துக்கிட்டே, அதாம் சொல்லிட்டேன்."

அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அரசாங்க அளவு போக இன்னொரு அளவு, வைத்தியர் கையால், மனைவியின் ஆசீர்வாதத்தோடு கிடைத்துக்கொண்டிருந்தது. எந்த அபினிக்காரருக்கு அந்த யோகம் வாய்க்கும்?

அக்கா லேகியச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது. அன்று சிற்றாற்று மீன்கள் தென்காசிவரை நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் வைத்தியரிடம் போனேன். உரிமம் இல்லாமல் அபினி கலந்த மருந்து தயாரிப்பது என்ன குற்றம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் செய்தேன். அவர் அசையவில்லை. "கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கத்தானே தம்பி குடுத்தேன். ஒங்க சர்க்காரும் அதத்தானே செய்யுது?" என்றார். மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

உண்மையான சிகிச்சை அதற்கு மறுநாள் தொடங்கியது. முதலில் கொட்டாவி. பிறகு மூக்கும் கண்ணும் ஒழுகின, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது, வயிறு போயிற்று. காலை நீட்டினால் உளைச்சல், மடக்கினால் அதைவிட உளைச்சல். அறையில் இருக்க முடியாமல் எந்நேரமும் அருவிக்குப் போகவேண்டும் என்பார். அங்கே நின்றால் மூக்கு ஒழுகுவது யாருக்கும் தெரியாது, அழுதாலும் தெரியாது. எல்லோருக்குமே அங்கே உடம்பு நடுங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது.

ஒருநாள் அருவியிலிருந்து வெளியே வந்து, பாறையில் உட்கார்ந்து, தலையைத் துவட்டாமலே சொன்னார்: "மண்டைக்குள்ள ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான் மாப்ள. மரியாதையாத்தான் கூப்பிடுதான். அருவிக்குக் கீழ நின்னா மட்டும் அவன் சத்தம் கேக்கல."

குற்றால அருவியின் மருத்துவ குணங்கள் பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ படித்திருக்கிறேன். மூலிகை, காற்று, தாது உப்பு என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது இந்த ஒரு காரணத்தில்தான். அது சத்தமாக இருந்தது.

ஆடி முடியும்போது அத்தான் எழுந்து நடந்தார். இளைத்துவிட்டார், ஆனால் பசித்தது. பண்பொழி மலையில் யார் துணையும் இல்லாமல் ஏறி, மேலே நின்று, கீழே பச்சையாகக் கிடந்த வயல்களைப் பார்த்துவிட்டு இறங்கினார். எந்தத் துறை இதைச் சாதித்தது என்று அக்காவிடம் கேட்டேன். ஒருத்தரை விட்டு ஒருத்தரைச் சொன்னால் பொல்லாப்பு என்றாள். முருகனுக்கு நேர்ந்த வெள்ளி வேலும் செய்து கொடுத்தாள். பள்ளிவாசல் பெரியவருக்கு வேட்டியும் எடுத்துக் கொடுத்தாள். வைத்தியருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

ஆவணியில் சீட்டைத் திருப்பிக் கொடுக்க அத்தான் அலுவலகத்துக்கு வந்தார். அது தன் பெயரில் இருக்கும்வரை தன்னால் நிற்க முடியாது என்றார். அபினிக் கடைக்காரர் தங்கமானவர், வழங்கும் நாளில் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் உள்ளதை இலையில் மடித்துக் கட்டித் தயாராக வைத்திருப்பார். அத்தான் தெருவில் போனாலே, "அண்ணாச்சி, ஒங்களுக்குள்ளது எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிடுவார். சட்டப்படி அது அத்தானுக்கு உரியது. கேட்டால் கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது. அந்தக் கதவை யாராவது வெளியிலிருந்து பூட்ட வேண்டும் என்பதுதான் அத்தான் கேட்டது.

தலைமை எழுத்தர் பதிவேட்டைப் பிரித்தார். பெயரை நீக்கும் பத்தியில் மூன்று காரணங்கள்தான் அச்சாகியிருந்தன. இறப்பு, வேறு தாலுகாவுக்கு மாற்றம், தலைமறைவு.

"இதுல எதுலவே ஒங்க அத்தான சேக்கது?" என்று என்னைக் கேட்டார். பிறகு இரக்கப்பட்டு அவரே வழியும் சொன்னார். "தலைமறைவுன்னு போட்ருவோம். சோலி முடிஞ்சுது."

அத்தான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓடிப்போனவன்னு எழுதாதீங்க சார். நான் எங்கயும் ஓடல. இங்கனதான் இருந்து விட்டேன்."

ஆகவே மனு மேலே போயிற்று, திருநெல்வேலிக் கலெக்டர் அலுவலகத்துக்கு. நான்தான் எழுதினேன், அழகான மனு. மேலே போன மனு அங்கே அழகாகவே இருந்தது.

இதற்கிடையே வேறொரு விதி விழித்துக்கொண்டது. சீட்டுக்காரர் தொடர்ந்து சரக்கு வாங்காவிட்டால், வேறெங்கோ கள்ளத்தனமாக வாங்குகிறார் என்று சந்தேகித்து விளக்கம் கேட்க வேண்டும். புரட்டாசியில் அந்த நோட்டீஸை என் கையால் எழுதி, தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி, பியூனிடம் கொடுத்து அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். மாலையில் பலகாரம் சாப்பிட நானும் அங்கே போனேன்.

"நான் தின்னுக்கிட்டு இருந்தவரைக்கும் எவனும் ஒரு வார்த்த கேக்கல," என்றார் அத்தான். "நிறுத்துனா நோட்டீஸ் அனுப்புதியே மாப்ள."

"நான் அனுப்பல அத்தான். தாசில்தாரு அனுப்புதாரு."

"எழுத்து ஒன் எழுத்துல்லா?"

"பதிலும் என் எழுத்துலதான் போவும்," என்றேன். அங்கேயே உட்கார்ந்து அவர் சார்பில் எனக்கு விளக்கம் எழுதினேன். மாதாமாதம் இது நடந்தது. நோட்டீஸும் விளக்கமும் ஒரே பேனாவில், ஒரே மசியில் கோப்பில் அடுக்கிக்கொண்டே போயின. கலெக்டர் அலுவலகத்துக்கு நினைவூட்டுக் கடிதங்களும் அனுப்பினேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அருவி இருந்தது. மார்கழிக் குளிரிலும் அத்தான் விடவில்லை. சரக்கு வழங்கும் நாள் வந்தால் மரக்கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு விடியுமுன் குற்றாலத்துக்கு நடந்துவிடுவார். அபினிக் கடை அடைக்கிற நேரம் கடந்தபிறகு திரும்புவார். தை பிறந்தது, தண்ணீர் நூலாயிற்று. பங்குனியில் பேரருவி வெறும் பாறை. அந்தக் கறுப்புப் பாறையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அத்தான் முகத்தில் பழையபடி ஒரு மங்கல் தெரிந்தது. சாப்பாட்டில் கை நின்று நின்று போயிற்று. மரக்கடையில் ஒரு தடிக்குக் கன அடி தப்பாகச் சொன்னாராம். அக்கா என்னிடம் ரகசியமாக, "அவிய தூங்குததே இல்லலே," என்றாள். பள்ளிவாசல் தண்ணீரை மறுபடியும் தொடங்கியிருந்தாள்.

சித்திரையில் வழங்கும் நாள் வந்தது. எங்கள் அலுவலக வராந்தாவில் நின்றால் கடை தெரியும். பகல் பதினொரு மணி வெயிலில் அத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டார். பொட்டலத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமலே பண்பொழி பஸ் ஏறினார்.

ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். உரிமையுள்ளவர் உரிமையுள்ள கடையில் உரிமையுள்ள சரக்கை வாங்கியிருக்கிறார். எதைச் சொல்லிப் பிடிப்பது? திரும்பி வந்து உட்கார்ந்தேன். அன்று நான் எழுதிய கடிதங்களில் எல்லாம் திருத்தம்.

சாயங்காலம், அலுவலகம் மூடும் தறுவாயில், அத்தான் வந்தார். சட்டை முழுக்க வேர்வை, முழங்காலில் செம்மண். என் மேஜைமேல் இலைப் பொட்டலத்தை வைத்தார். கட்டு அவிழவில்லை.

"மேல கொண்டுபோனேன். படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். பூசாரி நட சாத்திட்டுப் போயிட்டாரு. அப்புறம் எறங்கிட்டேன்." மூச்சு வாங்கினார். "இது சர்க்காருது. சர்க்காரே வச்சுக்கிடட்டும். அடுத்த தடவ என்னால கீழ கொண்டுவர முடியாது மாப்ள."

அபினியை வைத்திருக்கச் சீட்டு வேண்டும். மேஜைமேல் அபினி இருந்தது; மேஜைக்காரனிடம் சீட்டு இல்லை. தலைமை எழுத்தர் தம் நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டார். ஆற்றில் போடச் சொன்னார். அழிப்பதற்கு மேலதிகாரி உத்தரவு வேண்டும் என்றேன். பெட்டியில் பூட்டச் சொன்னார். கருவூலத்தில் அதை வரவு வைக்கத் தலைப்பு இல்லை என்றேன். கடைக்காரரைக் கூப்பிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னோம். விற்ற சரக்கைத் திரும்ப எடுத்தால் உரிமம் போய்விடும் என்று அவர் கும்பிட்டார். ஆனால் பொட்டலத்தைக் கையில் எடுத்து, முடிச்சைப் பார்த்து, தராசில் வைத்து, தாம் கொடுத்தது அப்படியே இருப்பதாகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது அத்தானை நிமிர்ந்து பார்த்தார். எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லிச் சொல்லித் தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது போலிருந்தது.

கடைசியில் தாசில்தாருக்கு ஒன்று தோன்றியது. மனுவோடு சம்பந்தப்பட்ட பொருள் மனுவோடுதான் இருக்க வேண்டும். பொட்டலத்தை மரப்பெட்டியில் வைத்து அரக்கு முத்திரையிட்டு, முந்தைய கடிதங்களின் தொடர்ச்சி, இணைப்பு ஒன்று என்று எழுதி, ஆள் மூலம் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். எட்டு மாதம் காகிதத்துக்கு அசையாத மேஜைகள் அபினிக்கு அசைந்தன. அது யார் மேஜையில் இருக்கலாம் என்ற கேள்விக்கு அங்கேயும் விடை இல்லை. கோப்பை முடித்தால்தான் பெட்டி நகரும். அடுத்த வழங்கும் நாளில் அத்தானை என் எதிரிலேயே உட்கார வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வழங்கும் நாளிலும். அவர் என் பழைய பதிவேடுகளுக்கெல்லாம் கோடு போட்டுக் கொடுத்தார், நேர்த்தியான கோடுகள்.

ஆனியில் தெற்கு வீதிவரை சாரல் வந்தது. இடிந்து பிளந்து நின்ற தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு மேலே மேகம் தொங்கியது. அருவி விழுந்துவிட்டது என்று பஸ்காரர்கள் சொன்ன அன்றே அத்தானும் அக்காவும் குற்றாலம் போய்விட்டார்கள்.

பதில் அந்த வாரம்தான் வந்தது. முதல் மூன்று பத்திகள் பெட்டியைப் பற்றியவை. முத்திரை சரியில்லை, உறை பொருத்தமில்லை, இனிமேல் இப்படி அனுப்பக்கூடாது. நான்காவது பத்தி ஒரே வரி. மேற்படி நபர் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டதாகத் தெரியவருவதால் அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குதிரை வண்டி பிடித்தேன். அத்தான் அருவியிலிருந்து இறங்கி வந்தார். கை ஈரம் என்று தாளைத் தொடவில்லை. நான்தான் சத்தம் போட்டு வாசித்தேன். பெட்டி பற்றிய பத்திகளையும் சேர்த்து. அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப இனிமே அவரு எனக்கு எடுத்து வைக்க மாட்டாருல்லா?"

"வைக்கக் கூடாது அத்தான்."

தலையை ஆட்டினார். எண்ணெய் இன்னும் போகவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போனார். அக்கா தாளை வாங்கி, தன் மடியில் வைத்து, சாரல் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள். அதன்மேல் எங்கள் அலுவலக வரவு முத்திரையில் இருந்த தேதி ஜூலை மூன்று, வெள்ளிக்கிழமை.